கதீஜாவின் இரண்டாவது கஞ்சி

ஜெனிலாவுக்கு இறால் ஆகாது. ஒரு துணுக்கு வாயில் பட்டால் போதும், உதடு தடித்து மூச்சுத் திணறும். அப்படிப்பட்டவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இறால் புரதத்தையே கட்டி அழுகிறாள். உணவில் அது துளி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவி செய்வது அவள் வேலை. வினையை விலை கொடுத்து வாங்குகிறாள் என்று சொந்த ஊரான நாசரேத்தில் அவள் அப்பா ஜீவமணி சொல்லிச் சிரிப்பார்.

குடியிருப்பது காயல்பட்டினத்தில், கதீஜா வீட்டு மாடியில். குடிவந்த புதிதில் கதீஜா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். இறாலை அரைத்துப் போட்ட கஞ்சி. இவள் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. கடைசியில் ஆட்டோவில் இவளை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் கதீஜாதான். அதற்குப் பிறகு மாடிக்கு ஒரு பருக்கைகூட ஏறவில்லை. மூச்சுத் திணறியதைவிட அதுதான் ஜெனிலாவுக்கு வலித்தது.

அடுத்த ரமலானில் கதீஜா தூக்குவாளியோடு ஆய்வகத்துக்கே வந்து நின்றாள்.

"ஏளா, இதுல றாலு கிடையாது. ஆனாலும் எனக்கே பயமா இருக்கு. உன் மிஷின்ல ஊத்திப் பாரு. சரின்னாத்தான் குடிக்கணும்."

ஜெனிலா கஞ்சியை வடிகட்டி, நீர்க்கவைத்து, தங்கம் பூசிய சிறு கண்ணாடிச் சில்லின் மேல் ஓடவிட்டாள். சில்லில் இரண்டு தடம். ஒன்றில் இறால் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி. மற்றது ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தடம். எது வந்து படிந்தாலும் திரையில் கோடு ஏறும்.

இரண்டு கோடும் ஏறின. கதீஜாவின் முகம் வெளுத்தது.

"பதறாதீங்க லாத்தா. பருப்புல இருக்கிற புரதங்கூட சும்மா வந்து ஒட்டும். கழுவுனா போயிரும். ஆன்டிபாடி பிடிச்சதுதான் நிக்கும்."

கழுவுநீரை விட்டாள். வெறும் தடத்தின் கோடு சரசரவென்று இறங்கி அடியைத் தொட்டது. மற்றது பாதி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி கழுவினாள். அசையவில்லை.

கோட்டைப் பார்த்துக் கதீஜாவே புரிந்துகொண்டாள்.

"சட்டி புதுசு, அகப்பை புதுசு..." என்று யோசித்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உப்பு! றாலு அலசுன கையோடதான் நேத்து உப்பு ஜாடியில கைய விட்டேன்!"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி கஞ்சி என்ற பேச்சே இருக்காது என்று ஜெனிலா நினைத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில் கதீஜா மறுபடி வந்தாள். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. திருச்செந்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கையில் புது வாளி.

இந்த முறையும் இரண்டு கோடும் ஏறின. கழுவுநீர் ஓடியதும் இரண்டும் சேர்ந்தாற்போல் அடிக்கே வந்துவிட்டன. ஜெனிலா வேறொரு சில்லிலும் பார்த்தாள். அதே கதைதான்.

மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கொடுத்த ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெனிலா ஒரு மடக்கு குடித்தாள். கதீஜா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு மெல்லாமல், இவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நேரம் விட்டு இன்னொரு மடக்கு. கஞ்சி சப்பென்று இருந்தது.

"லாத்தா, உப்பு?"

"ஏளா, எந்த உப்பையும் நம்ப எனக்கு மனசு வரல. போடவே இல்ல." அவளும் அதையேதான் குடித்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு விளையும் இந்தச் சீமையில், தனக்காக உப்பே போடாத ஒருத்தியை நினைத்து ஜெனிலாவின் கண் நிறைந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க லாத்தா" என்று கிண்ணத்தை நீட்டினாள்.