கணினிக்குள் வந்த வருஷம்

சின்ன வயதில் ஆடிய கப்பல் விளையாட்டு புதிய கணினியில் ஓடவில்லை. அதனால் 'வேர்ச்சுவல் மெஷின்' போட்டு, கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உண்டாக்கினேன். அப்போதும் விளையாட்டு இன்றைய தேதியை ஏற்கவில்லை. யோசிக்காமல் நான் பிறந்த வருஷத்தைக் கொடுத்தேன்: 1990. விளையாட்டு ஓடத் தொடங்கியது.

கனமூலை ஊரில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில் தேத்தண்ணியோடு வந்த உம்மா திரையில் அந்த வருஷத்தைப் பார்த்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது, கைக்குழந்தையான என்னோடு அவர் வள்ளம் ஏறிக் கடல் கடந்த வருஷம் அது.

"மாத்து மகன்."

"இது சும்மா பொய்க் கணினி உம்மா."

"பொய்க்கும் வேணாம். அந்த வருஷம் இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

உம்மா பயந்து நான் பார்த்ததேயில்லை. ஒற்றைக் கையால் இன்றைய தேதியை அடித்தேன். விளையாட்டு நின்றது.

உம்மா கையை விடவில்லை. வள்ளத்திலும் என்னை இப்படித்தான் பிடித்திருப்பார்.