ஐஸ் கடலுக்குப் போன குப்பம்

போன வாரம் என் மகள் வரைந்த மயிலை லேமினேட் செய்ய செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தேன். மெஷின் சூடேறி, அந்தப் பிளாஸ்டிக் வாசனை கிளம்பியது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கோ உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா சார், தனியா சிரிச்சுகினு கீறீங்க?" என்றார். அவரிடம் எங்கே போய் ஆரம்பிப்பது? உங்களிடம் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில். கீழே ஜெராக்ஸ் கடை. அவர்கள் லேமினேட் செய்யும்போதெல்லாம் வாசனை படியேறி எங்களிடம் வந்துவிடும். மேலே நானும் ஸ்டெல்லாவும். செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏரி, வாய்க்கால், மனை என்று கோடு போடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஸ்டெல்லா கருங்குழியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வரும்போதே யாருடனாவது சண்டை போட்டுவிட்டு வருவாள், பெரும்பாலும் கண்டக்டருடன்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க எங்கள் முதலாளிக்கு வசதியில்லை. அதனால் ஓப்பன் சோர்ஸ் வரைபட மென்பொருள். இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்வது. சாமானியப்பட்ட சாமான் இல்லை அது, தங்கம்! ஆனால் அதன் பயனர் கையேடு இருந்ததே, அடடா. புது மிக்ஸியோடு பெட்டியில் ஒரு குட்டிப் புத்தகம் வருமே, அதைப் படித்து யாராவது சட்னி அரைத்ததுண்டா? அதற்குப் பெரியண்ணன் இது. "பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கும்.

"பொருத்தமானது எதுன்னு தெரிஞ்சா நான் ஏன்டா இத்த படிச்சுகினு கீறேன்?" என்று ஸ்டெல்லா மேசையைத் தட்டுவாள்.

ஒரு நாள் அவள்தான் கண்டுபிடித்தாள், மென்பொருளைப் போலவே கையேட்டையும் யாரும் திருத்தலாம் என்று. இல்லாத ஒரு மெனுவைச் சுட்டிக்கொண்டிருந்த படத்தை எடுத்துவிட்டு, சரியான படத்தைப் போட்டு அனுப்பினோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்! இத்தாலியில் யாரோ ஒருவர் நன்றி எழுதியிருந்தார். உலகத்துக் கையேட்டில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டின் கைவரிசை! ஸ்டெல்லா கீழே இறங்கிப் போய் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் சேர்த்து சமோசா வாங்கி வந்தாள். அவருக்கு எதற்கு என்று கடைசிவரை விளங்கவில்லை, ஆனால் சாப்பிட்டார்.

அப்புறம் பிடித்தது பைத்தியம். கையேட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தோம். ஸ்டெல்லா அதற்கு ஒரு விதி வைத்தாள். ஒருவர், எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் 'கை'. கை, காதில் விழுந்ததை மட்டும் செய்ய வேண்டும். படிப்பவர் எழுத்தில் இல்லாத ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. "நீ கை. கைக்கு மூள கெடியாது" என்பாள் என்னிடம். எனக்கு அது பெரிய சிரமமாக இருந்ததில்லை என்பதையும் அவளே சொல்வாள்.

ஆனால் எங்கள் இருவருக்கும் மென்பொருள் பழகிப்போயிருந்தது. எழுத்து தடுக்கினாலும் விரல் தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும். மவுஸையே தொடாத ஒரு கை தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் தேவகி அக்கா படியேறி வந்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பெயர் வேண்டாம். அங்கே மீன் விற்கும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. கடற்கரைக்குப் புதிய வரைபடம் போடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் ஆட்சேபம் கேட்க அரசாங்கத்தில் ஒரு கூட்டம் அறிவித்திருந்தார்கள். அந்த வரைபடத்தின் வரைவை நகலெடுக்கக் கீழே கடைக்கு வந்தவரை, "மேல மேப்பு போட்றவங்க கீறாங்க" என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். சமோசா வீண்போகவில்லை.

தேவகி அக்கா தாளை விரித்தார். அவர்கள் படகு ஏற்றும் இடம், வலை பிரிக்கும் இடம், கருவாடு காயும் இடம் எல்லாம் வெறும் மணலாக இருந்தது.

"காலி மணல்னு போட்டுக்கீறாங்க தம்பி. நாளைக்கு எவனாவது வந்து இது சும்மாதான கீதுன்னு வேலி போட்டா, நாங்க படக எங்க ஏத்துவோம்? வூட்டுக்குள்ளயா?"

நான் உடனே வரைந்து தருகிறேன் என்று கிளம்பினேன். ஸ்டெல்லா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நாங்க போட்டா அது எங்க மேப்புக்கா. கூட்டத்துல எவனாவது எப்டி போட்டேன்னு கேட்டா முழிப்பீங்க. நீங்களே போடுங்க. நாங்க எழுதுனத படிக்கிறோம், நீங்க செய்ங்க."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அவளுக்கு ஒரு நல்ல கை கிடைத்த சந்தோஷம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவும் குழுப் பெண்களும் செல்போனை எடுத்துக்கொண்டு மணலைச் சுற்றி நடந்தார்கள். மூலைக்கு மூலை போன் காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டு எண்களையும் குறித்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் மவுஸை ஒருமுறை துடைத்துக்கொண்டார். நான் படித்தேன், கை வேலை செய்தது. எண்கள் ஏறின. எனக்குத் தலைகால் புரியவில்லை, எங்கள் எழுத்து வேலை செய்கிறது!

அடுத்த வரி வந்தது. "எக்ஸ், ஒய் ஆகியவற்றுக்கான நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கவும்." ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது. நாங்களும் அப்படியே எழுதியிருந்தோம்.

"மொதல்ல கீறது மொதல்ல, ரெண்டாவது கீறது ரெண்டாவது. அதான?" என்றார் அக்கா.

அது தப்பு. பள்ளிக்கூடத்தில் அட்சரேகையைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள், போனும் அதைத்தான் முதலில் காட்டும். மென்பொருளின் எக்ஸுக்கோ தீர்க்கரேகை வேண்டும். ஆனால் எழுத்தில் இல்லாததைப் பேசக் கூடாதே! ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் வழியே ரயில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அக்கா அழுத்தினார்.

திரையில் குப்பத்தைக் காணோம், செங்கல்பட்டைக் காணோம், இந்தியாவையே காணோம். வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் எங்கள் புள்ளிகள்.

"எங்க தம்பி கீது நம்ம குப்பம்?"

"வட துருவத்துக்குப் பக்கத்துலக்கா."

அக்கா திரையையே பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "மீனத்தான் ஐஸ்ல போடுவோம். ஊரையே போட்டுட்டீங்களேடா!"

ஸ்டெல்லா சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எகிறிவிட்டாள், கையேட்டின் ஓட்டை அகப்பட்டுவிட்டதே! இது எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு வாய்த்த தவறு, பாருங்கள். அட்சரேகை தொண்ணூறைத் தாண்டாது. இன்னும் நன்றாகக் கிழக்கே இருக்கிற ஊராக இருந்தால், மாற்றிக் கொடுத்ததும் புள்ளியே சரியாக விழாது, ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். எங்கள் தீர்க்கரேகை எண்பது. தொண்ணூறுக்குள் நைசாக நுழைந்து, மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. எத்தனை பேர் இப்படிப் பனியில் விழுந்து, நமக்கு இது வராது என்று கம்ப்யூட்டரை மூடிவைத்திருப்பார்கள்!

அங்கேயே எழுதினோம். எக்ஸ் என்பது கிழக்கு மேற்கு, ஒய் என்பது வடக்கு தெற்கு. உங்கள் ஊர் பனிக்கடலில் போய் விழுந்தால் பயப்படாதீர்கள், இரண்டையும் மாற்றிக் கொடுங்கள். அக்கா மாற்றிக் கொடுத்தார். குப்பம் குடுகுடுவென்று வந்து தன் கரையில் உட்கார்ந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதையே ஆங்கிலத்திலும் எழுதி மூலக் கையேட்டுக்கு அனுப்பினோம். இத்தாலிக்காரர் துள்ளிக் குதிக்காத குறை. தங்கள் இத்தாலிக்காரர்கள் இப்படி மாற்றிக் கொடுத்து இத்தனை காலமாக ஆப்பிரிக்காவில் போய் விழுந்துகொண்டிருந்தார்கள், இன்றுதான் யாரோ காரணத்தை எழுதியிருக்கிறார்கள் என்று பதில் போட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் கீழே கடையில் அந்த வரைபடத்தை லேமினேட் செய்தோம். கடல் காற்றுக்குத் தாங்க வேண்டுமல்லவா? மெஷினிலிருந்து அது சூடாக வெளியே வந்தபோது அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "இதை யாரும்மா போட்டுக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார் போட்டேன். எந்த மூல வேணும்னு சொல்லுங்க, அது எப்டி வந்துதுன்னு சொல்றேன்."

அவர் ஒரு மூலையைக் கேட்டார். அக்கா சொன்னார். இன்னொன்றையும் கேட்டார், அதையும் சொன்னார். கடைசியில் வந்த வரைபடத்தில் அது காலி மணல் இல்லை. படகு ஏற்றும் இடம், வலை பிரிக்கும் இடம் என்று எழுத்திலேயே இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் வேலையே பார்க்கவில்லை.

மாடி அறை இப்போது செல்போன் உறை விற்கும் கடையாகிவிட்டது. ஸ்டெல்லா பெங்களூரில் இருக்கிறாள், அங்கேயும் கண்டக்டர்கள் தப்பவில்லை என்று கேள்வி. எங்கள் பத்தியும் கையேட்டில் இல்லை. புதிய பதிப்பில் எது எக்ஸ், எது ஒய் என்று மென்பொருளே ஊகித்துக்கொள்கிறதாம். நல்லதுதான், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது சொந்த வீட்டை இடித்ததுபோல் இருந்தது.

மயிலை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறி குப்பத்துக்குப் போனேன். தேவகி அக்கா பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவோரம் படகுகளை வரிசையாக ஏற்றிவைத்திருந்தார்கள், வீட்டு வாசலை ஒட்டி. அந்தப் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருந்தது. கல்லில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"மணல் எங்கக்கா?" என்றேன்.

அக்கா போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தார். குழுப் பெண்கள் இப்போது யாரையும் கேட்காமல் அவர்களே போடுகிறார்களாம், தெருவையும் சேர்த்துப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பெருமை. பிறகு விரலால் பழைய கோட்டைக் காட்டினார், அதே கையால் அலையைக் காட்டினார்.

"கோடு, போட்ட எடத்துலயேதான் கீது தம்பி. மண்ணுதான் பூடுச்சி."