உண்ணாமல் இட்ட குறி

சென்ற ஆண்டு என் மனைவி மறைந்தபின், பாப்பிரெட்டிப்பட்டி வீட்டில் தனியாக வாழும் நான், எழுவது முதல் உறங்குவது வரை ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முடித்த ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியிட வேண்டும்.

மூன்றாம் வாரமே மனம் தளர்ந்தது. வெற்றுக் கட்டங்களைக் காணப் பிடிக்காமல், எழுந்தவுடன் எல்லாவற்றுக்கும் குறியிடத் தொடங்கினேன். சோதனையைச் செய்யாமல் அளவுகளை எழுதிய மாணவர்களின் பதிவேடுகளை முப்பது ஆண்டுகள் திருப்பி அனுப்பிய இயற்பியல் பேராசிரியர் நான்.

ஒரு நாள் காலை இன்சுலின் போட்டுக்கொண்டபின், உணவுக்கு நேரே குறி இருந்ததால் உண்டுவிட்டதாகவே எண்ணிச் செய்தித்தாளை விரித்தேன். சற்று நேரத்தில் உடல் வியர்த்தது. எழ முயன்று விழுந்தேன். பேச்சு குழறியது. பால் ஊற்ற வந்த சின்னப்பாப்பா என்னும் பெண்மணி, சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்தார்.

"சாப்ட்டீங்களா சார்?"

நான் சுவரைக் காட்டினேன்.

"செவுத்துல இருக்கறது இருக்கட்டுங்க. அடுப்பே பத்த வெக்கலீங்களே. அம்மா இருந்தா இப்படி உட்டிருப்பாங்களா?"

அட்டவணையை அன்றே கிழித்துவிட்டேன். இப்போது உணவைத் தட்டில் எடுத்துவைத்த பிறகே ஊசியைத் தொடுகிறேன். சின்னப்பாப்பா தினமும் "சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார். உண்ணவில்லையென்றால் இல்லை என்கிறேன். நான் தட்டின் முன் அமரும்வரை அவர் வாசலிலேயே நிற்கிறார்.

நாற்பது ஆண்டுகள் என் மனைவி கேட்ட கேள்வியும் அதுதான். செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் "ம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.