தேக்கங்கொழுந்தும் என் சிவந்த கையும்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். அதனால் என் அக்காவான ராத்தா பிறந்த வருடமே, அவளுடைய வீட்டு வாசற்கதவுக்கென்று வாப்பா வீட்டு வளவின் மூலையில் ஒரு தேக்கை நட்டுவிட்டார். எனக்கு எட்டு வயதானபோது அதில் புழு விழுந்தது. ஒரே கிழமையில், ஏழே நாளில், இலையெல்லாம் வெறும் நரம்பாகி, மரம் மொட்டையாய் நின்றது. அதே கிழமைதான் ராத்தாவின் ஏ.எல். சோதனைப் பெறுபேறும் வந்தது. பல்கலைக்கழகம் புகப் புள்ளி போதவில்லை; கம்பஸ் கிடைக்கவில்லை.

“மரமும் பட்டுப் போச்சு. வெட்டிக் கதவச் செய்வம், கல்யாணத்தையும் முடிப்பம்,” என்றார் வாப்பா.

ராத்தாவுக்கோ இன்னொரு தரம் சோதனை எழுத வேண்டும். “மூணு கிழமை பொறுங்க வாப்பா. மரம் துளிர்த்தா என்னப் படிக்க விடுங்க. துளிர்க்காட்டி நீங்க சொல்றதக் கேக்கிறன்,” என்று கெஞ்சினாள். வாப்பாவும் ஓம் என்று சம்மதித்தார்.

எனக்கோ ராத்தாவின் கல்யாணம் வேண்டும். தின்ன வட்டிலப்பம், உடுக்க மினுக்குச் சட்டை! படிப்பு யாருக்கு வேண்டும்? இரண்டாம் கிழமை, மதிலோரக் கிளையில் கொழுந்து விட்டது. ஒருவரும் காணுமுன் மதிலேறிக் கிள்ளி, கசக்கி எறிந்தேன். பாழாய்ப் போன மரம் ஐந்தாறு நாளில் பக்கத்துக் கணுவில் மறுபடியும் விட்டது. அதையும் கிள்ளினேன். பிறகும் விட்டது. அந்தப் புழுக்களைவிட நான்தான் பெரிய புழு.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, மரவேலை செய்யும் ஓடாவியோடு வந்த வாப்பா அண்ணாந்து பார்த்தார். ஓர் இலை இல்லை. ராத்தாவின் முகம் செத்துப் போயிற்று. அப்போதுதான் அவள் என் கையைக் கண்டாள். காலையில் கசக்கிய கொழுந்தின் சாற்றில், மருதோண்டி வைத்ததுபோல் உள்ளங்கையெல்லாம் சிவந்திருந்தது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என்னை இழுத்துக்கொண்டு போய், வாப்பாவின் முகத்துக்கு நேரே என் கையை விரித்தாள்.

“பாருங்க வாப்பா! பட்ட மரம் இப்பிடிச் சிவக்குமா?”

ஓடாவி மதிலேறி, நான் கிள்ளிய கணுக்களைத் தடவிப் பார்த்தார். “மரத்துல உசிர் நிக்குது, காக்கா,” என்று அண்ணன் முறையில் வாப்பாவிடம் சொன்னார். வாப்பா ஓடாவியைத் திருப்பி அனுப்பினார். பிறகு, “சரி, படி,” என்றார்.

ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் நின்றுபோன துக்கம் என்றே நினைத்தேன். பாவமாக இருந்தது.

“அழாதிங்க ராத்தா. இன்ஷா அல்லாஹ், அடுத்த வருசம் நடக்கும்.”

“ஓம் புள்ள, நடக்கும்,” என்று அழுகையோடே சிரித்தாள்.

அடுத்த வருடம் தேக்கு வளவெல்லாம் நிழல் பரப்பி நிற்க, அவள் கம்பஸுக்குப் பெட்டி கட்டினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. “வட்டிலப்பம் எங்க?” என்றுதான் கேட்டேன்.