ஓரமாய் நிற்பது நான்தான்

எங்கள் வீட்டுக்காரர் எடுத்த புகைப்படங்களில் என்னைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுவைப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு சுவரோ படிக்கட்டோ ஜன்னலோ இருக்கும். ஓரமாய், கையில் குடையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். அது நான்தான்.

அவர் மேஸ்திரி. மீசை அரும்பாத வயதில் கலவை சுமக்கப் போனவர், பிறகு கொத்துக்கரண்டி பிடித்தார், பிறகு பத்துப் பேரை வைத்து வேலை வாங்கினார். இந்த ஊரில் எந்தத் தெருவில் போனாலும் அவர் கட்டிய வீடு ஒன்றாவது இருக்கும். வேலையில் புலி. பேச்சுதான் வராது. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். நானோ பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். தலைமையாசிரியரே என் மேஜையைத் தாண்டும்போது சத்தம் வராமல்தான் நடப்பார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் குடும்பம் தடங்கலில்லாமல் ஓடியது.

வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்ததும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மகன் இருக்கிற நகரத்தில் ஆறாவது மாடியில் ஒரு ஃபிளாட் விலைக்கு வந்தது. லிஃப்ட் உண்டு. பக்கத்துத் தெருவில் பேரப்பிள்ளைகள். இந்த வீட்டை விற்றால் அதை வாங்கலாம், மிச்சத்தில் ஒரு நல்ல டிராவல்ஸில் சேர்ந்து, மனிதர்கள் போகிற மாதிரி வெயில் காலத்தில் ஊர் சுற்றலாம்.

"என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"உனக்குப் புடிச்சா சரி" என்றார்.

அவ்வளவுதான். தன் கையாலேயே கட்டிய வீட்டுக்கு அந்த மனிதர் செலவழித்தது மூன்று வார்த்தை.

வாங்குகிறவர்கள் சாயங்காலம் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே நான் சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் படங்கள் அத்தனையும் கிடந்தன. ஃபிளாட்டில் பரண் கிடையாது, எதையும் சேர்த்துவைக்க இடமில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டேன். நான் நடுவில் இருக்கிற படம் கூட வரும், ஓரத்தில் இருக்கிற படம் குப்பைக்குப் போகும். மத்தியானத்துக்குள் குப்பைப் பக்கம் மலையாகக் குவிந்துவிட்டது. கூட வருகிற பக்கம் ஒரே ஒரு படம், அதுவும் ஆபீஸ் அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்தது.

நாங்கள் ஊர் சுற்றாதவர்கள் இல்லை. மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும். ஊரே வெயிலில் சுற்றுலா போகும், நாங்கள் மழையில் போவோம். லாட்ஜ்காரர்கள் எங்களைப் பார்த்து அனுதாபப்பட்டு வாடகையைக் குறைப்பார்கள். அவரிடம் வீடு கட்டிக்கொண்ட யாரோ ஒருவர் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை மேஸ்திரி பாலிதீன் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் ஒரு மலையூருக்குப் போனோம். அங்கே பெரிய அருவி இருக்கிறது, பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்கள் படத்தில் அதன் சாரல்கூட இல்லை. லாட்ஜின் கொல்லைப்புறத்தில் ஒரு துவைக்கிற கல், அதன் பக்கத்தில் புதுப்புடவை நனைய நான். "கொஞ்சம் குனி. துவைக்கிற மாதிரி கைய வை" என்றார். புதுப்பெண்டாட்டியிடம் ஒருவர் கேட்கிற போஸா அது? செய்தேன். அப்போது எனக்கு இவ்வளவு வாய் இல்லை.

அடுத்தது ஒரு துறைமுக ஊர். கடல் எனக்குப் பின்னால் இருந்தது, அவருக்கும் பின்னால் இருந்தது. இரண்டு பேரும் ரயில் நிலையத்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னை ஏறச் சொன்னார். இறங்கச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார். "மூச்சு வாங்குதா?" என்றார். "உங்களோட குடும்பம் நடத்துறதுலதான் வாங்குது" என்றேன். அதற்குள் வாய் வந்துவிட்டது. இன்னொரு ஊரில் அரண்மனை பார்க்கப் போய், ஜன்னல் திட்டில் என் முழங்கையை ஊன்றச் சொல்லி, "தோள் தூக்குதா, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ வைத்தியம் பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வேலையாட்களுக்கு இந்தப் படங்களைக் காட்டுவார். அவர்கள் எனக்கு 'முழக்கோல் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவர் எவ்வளவு உயரம் என்று தெரிய, பக்கத்தில் நட்டுவைக்கிற கோல் நான். எனக்கு ஐந்தடி என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் அதுவும் இல்லை.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே நடந்தது. கையில் காசு சேரும்போது ஓர் அறை, அடுத்து சேர்ந்தால் இன்னோர் அறை. அந்தப் படங்களிலும் நான் அதே கோலம்தான். பூசாத சுவருக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பாதி எழும்பிய அடுப்பு மேடை ஓரத்தில் சமையல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மகன் வயிற்றில் இருந்தபோது எடுத்தது ஒன்று உண்டு. வீட்டுக்குள் நடைபாதையில் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். நின்றேன். "ரெண்டு அங்குலம் அகலமா விட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துப் புருஷன் சொல்கிற வார்த்தையைப் பாருங்கள்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் எனக்கு வலித்தது. நாற்பது வருடத்தில் இந்த மனிதர் ஒரு தடவையாவது என்னைப் பார்த்திருக்கிறாரா, இல்லை எனக்குப் பக்கத்திலிருந்த சுவரைத்தான் பார்த்தாரா? இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. எதற்கும் அஞ்சாதவள் என்று எனக்குப் பெயர். இதைக் கேட்க மட்டும் பயந்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை உள்ளே வந்தார். குப்பைப் பக்கத்திலிருந்து துறைமுக ஊர்ப் படத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல படி இது" என்றார்.

"ஓரத்துல ஒருத்தி நிக்கிறாளே, அவ தெரியுறாளா?"

"தெரியுதே" என்று சொல்லிவிட்டு, வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியையே தூக்கி வாசலில் வைத்தேன்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் தொழிலில் எனக்கு என்றைக்கும் குறை கிடையாது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனால்தான் எனக்கு அது தெரியும். தங்கை வீட்டு அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வரும். மருமகள் சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்க ஸ்டூல் போட வேண்டும். "எந்த மடையன் கட்டினான் இத?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். மருமகள் நல்ல பெண், சிரித்துக்கொள்வாள். இந்த உலகத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர வேலை தெரிந்த கொத்தனாரே கிடையாது என்பது என் தீர்மானம்.

சாயங்காலம் தரகர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் தங்கமான மனிதர்கள். இரண்டு பேரும் நல்ல உயரம், அவர்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கக் கம்பே வேண்டியிருக்காது. கூடத்தைப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்றார்கள். கதவுகளைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு ஃபிளாட்டின் சாவியே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு சமையலறைக்குள் வந்தோம். அந்தம்மா மேடையில் கை வைத்தார். வைக்கவே குனிய வேண்டியிருந்தது.

"என்னங்க மேடை இவ்வளவு தாழ்வா இருக்கு? ஒரு வேளை சமைச்சாலே இடுப்பு போயிடுமே."

அந்தம்மாவின் வீட்டுக்காரர் ஏதோ சொல்லத் திரும்பினார், சுவர் அலமாரி அவர் நெற்றியில் இடித்தது. தடவிக்கொண்டே, "ஸ்விட்செல்லாம் கூட ரொம்பக் கீழ இருக்கு" என்றார். மாடிக்குப் போய்விட்டு வந்த அந்தம்மா, "படி குட்டை குட்டையா இருக்குங்க, கால் தடுக்குது. எந்த மேஸ்திரி கட்டினாரு?" என்றார்.

தரகர் இருமினார்.

"நான்தாங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"இதுல என்னம்மா இருக்கு? மேடையை உடைச்சு உசத்திக் கட்டிக்கலாம். அலமாரியைக் கழட்டிடலாம். படிதான் மொத்தமா இடிக்கணும்." சொல்லிக்கொண்டே மேடையின் மூலையைத் தட்டிக் காட்டினார். "இங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. சுவர்ல விரிசல் விழாது."

எனக்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. எங்கள் மேஸ்திரி வேலையைக் குறை சொல்ல இவர்கள் யார்? கேட்கத்தான் மேடைக்குப் பக்கத்தில் போனேன். பேசும்போது எப்போதும் ஊன்றுகிற மாதிரி மேடையில் கையை ஊன்றினேன். எனக்கு முழங்கை மடங்கும் உயரத்தில் மேடை இருந்தது. பக்கத்தில் அந்தம்மா முதுகு வளைந்து நின்றுகொண்டிருந்தார்.

மேடையைத் தடவிப் பார்த்தேன். கையைத் தூக்கினேன். குதிகால் எழும்பாமல் அலமாரியின் மேல்தட்டு விரலில் பட்டது. ஸ்விட்ச் தோளுக்கு நேரே இருந்தது. மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வரைக்கும் தினமும் சாய்ந்து நின்ற ஜன்னல் திட்டு, ஒரு நாள்கூட என் தோளைத் தூக்கியதில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார், வீட்டில் மாடிப்படி ஏறுவீர்களா என்று கேட்டு, வலிக்கவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். வலிக்கவில்லை. ஊரில் இருக்கிற கொத்தனார்கள் அத்தனை பேரையும் இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்தேனே, அவர்கள் எல்லாரும் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வீடுதான் அளவு மாறிய வீடு.

மேஸ்திரி இன்னும் அவர்களுக்கு எங்கே இடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"இடிக்க வேணாம்" என்றேன். "வீட்டைக் குடுக்கிறதா இல்ல."

தரகர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்தம்மாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். பாவம், தான் ஏதோ சொல்லிவிட்டதால்தான் என்று நினைத்தார். "நீங்க நல்லதுதான் சொன்னீங்க" என்று கையைப் பிடித்து அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போனதும் சமையலறையில் வைத்தே கேட்டேன்.

"போன ஊர்ல எல்லாம் என்னை நிக்க வெச்சு நிக்க வெச்சு எடுத்தீங்களே. எதைப் பாத்து எடுத்தீங்க? சுவரையா?"

"சுவரை அளக்க டேப்பு போதுமே. அதுக்கு உன்னை எதுக்கு மழையில நிக்க வைக்கணும்?"

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை, பயந்துபோய் அவரே தொடர்ந்தார்.

"எந்தக் கல்லுல நீ முதுகு வளையாமத் துவைக்கிற, எந்தப் படியில மூச்சு வாங்காம ஏறுற, அதுதான் எடுத்தேன். எழுதி வெச்சுக்கிற பழக்கம் இல்ல. படம் இல்லேன்னா மறந்துடும்."

"ஓரத்துல நிக்க வெச்சா என் மூஞ்சியே சரியா விழல."

"உன் மூஞ்சி எனக்கு மறக்குமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா வாயில இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

"நீ கேக்கலையே" என்றார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அந்த மேடையிலேயே டீ போட்டேன். எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

மகன் போன் செய்தான். தரகர் அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறார்.

"என்னம்மா, விலை படியலையா?"

"உயரம் படியலைடா. நாங்க வரல. லீவுக்கு நீங்க வாங்க."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். பெருமூச்சு விட்டான்.

"நல்லதாப் போச்சும்மா. இங்க நீங்க வாங்க இருந்த ஃபிளாட்ல மேடையை இடிச்சுத் தாழ்வாக் கட்ட முடியுமான்னு அப்பா தினமும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்தார். எதையும் இடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

"உங்கப்பாவா? தினமுமா?"

"ஆமாம்மா. அரை மணி நேரம் பேசுவார். 'உங்கம்மாவுக்கு அங்க எதுவுமே எட்டாதுடா'ன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்."

போனைக் காதில் வைத்தபடியே, வாசலில் வைத்த படப்பெட்டியை உள்ளே இழுத்தேன். "சரி, வை" என்றேன்.