தவநாயகியின் எச்சில்

எங்கள் சனத்திடம் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயும் "ஓம், இப்பத்தான்" என்று சொல்லும். இல்லை என்றால் கேட்டவர் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டிவருமே, அந்தத் தொல்லையை ஏன் கொடுப்பான் என்ற எண்ணம். இதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கோலியர்ஸ் வுட்டில் நகரசபை வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் பிளாட்டின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் தவநாயகியும் சேர்த்ததில்லை. வந்த கரைச்சலெல்லாம் அதனால்தான்.

தவநாயகி யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வெள்ளைக்கார நகரத்துக்கு அகதியாக வந்தவர். ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தார். கணவர் இறந்து வெகுகாலம். போன வருஷம் தவநாயகிக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்ற ஏற்ற உடம்பின் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது. மகன் ரதீசன் நகரத்தின் மறுகோடியில், ஹரோவில் இருக்கிறான். அவனைக் கெட்ட பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அவனுடைய குழந்தைகள் நேர்சரியிலிருந்து மாறி மாறிச் சளியும் காய்ச்சலும் கொண்டுவருகிறார்கள். சாதாரணச் சளியே தாயின் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருப்பதால், போனில் மட்டும் கதைக்கிறான். கோயில் ஆட்களும் அதே காரணத்தைச் சொல்லி வராமல் விட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு அது நல்ல சாட்டு.

மருந்து நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டது. தனி ஒருத்திக்கு உலை வைக்கக் கை வரவில்லை. சில நாட்களில் தேநீரும் பிஸ்கட்டும். சில நாட்களில் அதுவும் இல்லை.

ஊசி குத்த இனி நரம்பு இல்லை என்ற நிலையில், ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வில் சேர்த்துவிட்டார்கள். உடம்புக்குள் எங்காவது அழற்சி கிளம்பினால் அதன் அடையாளங்கள் இரத்தத்தில் கூடும். அவை எச்சிலிலும் கொஞ்சம் வருமாம். காய்ச்சல் காட்டுமுன் எச்சிலை வைத்தே அதைப் பிடித்துவிடலாமா என்று பார்க்கிறார்கள்.

"துப்பலையோ எடுக்கப்போறியள்?" என்று தவநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எச்சில் பட்ட கோப்பையை இன்னொருவர் தொடவிடாத சனம் நாங்கள். இவர்களோ அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் பக்குவமாகக் கொண்டுபோகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பெட்டியோடு வருபவள் சுவர்ணா என்ற தாதி. இங்கேயே, பக்கத்துச் சட்டனில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வரும். வீட்டுப் படியேறி அவரிடம் வருகிற ஒரே மனிதப் பிறவி அவள்தான். எச்சில் எடுப்பதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் உணவோ பானமோ வாயில் படக்கூடாது என்பது விதி. பட்டதா என்று அவள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்த நீண்ட கேள்வி அவளுடைய தமிழில், அம்மா வீட்டில் கேட்கிற மாதிரியே சுருங்கி வந்தது.

"அன்ரி, சாப்பிட்டீங்களோ?"

தன்னிடம் யாராவது அப்படிக் கேட்டு எத்தனை காலம்! தவநாயகிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"ஓம் பிள்ளை, வயிறு நிறைய."

"ஐயோ அன்ரி! அப்ப இண்டைக்கு எடுக்க ஏலாது."

அவள் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் ஓடினாள். மறு கிழமையும் அதே கேள்வி. விதி தெரிந்திருந்தும், பழகிய வாய் தவநாயகியை முந்திக்கொண்டு "ஓம்" என்றது. உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் இந்தப் பெட்டை தாயிடம் சொல்வாள், தாய் கோயிலில் சொல்வாள், ஹரோவில் மகனுக்குத் தலைகுனிவு. அந்த "ஓம்" அப்படியே நின்றது.

சுவர்ணாவின் முகம் வாடிவிட்டது. "அடுத்த கிழமையும் இப்பிடி எண்டா உங்களை ஸ்டடியால நிப்பாட்டிப்போடுவினம், அன்ரி. பிறகு நான் வரமாட்டன்."

நான் வரமாட்டன். அந்தச் சொல்தான் தவநாயகியைப் பிடித்து உலுப்பியது. ஊசிக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை.

அடுத்த செவ்வாய் காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினார். "இல்லைப் பிள்ளை, சாப்பிடேல்லை." பிச்சை கேட்பதுபோல இருந்தது. குரலை உயர்த்திச் சொன்னார். சண்டைக்குப் போவதுபோல இருந்தது. சிரித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசம். இப்படிச் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். சமைக்க ஆள் இல்லையோ, எத்தனை நாளாக இப்படி என்றெல்லாம் கேட்பாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. கேட்கமாட்டாளா என்ற ஆசையும் இருந்தது. அழுதுவிடக்கூடாது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார்.

சுவர்ணா மழையில் நனைந்து வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்ரி, சாப்பிட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. சாப்பிடேல்லை. நேற்றும் சாப்பிடேல்லை."

"சூப்பர் அன்ரி!" சுவர்ணா கைதட்டாத குறை. "வெரி குட்! இப்பிடித்தான் இருக்கோணும்."

தவநாயகி அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அவள் அதற்குள் பெட்டியைத் திறந்து குழாயை எடுத்துவிட்டாள். நல்ல பிள்ளை. சந்தோஷத்தில் பின்பாதி காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

குனிந்து வாயைத் திறந்து, எச்சில் தானாகக் குழாய்க்குள் வழியவிட வேண்டும். காய்ந்த வாயில் ஒன்றும் வரவில்லை. "புளி மாங்காயை நினையுங்கோ, உப்புத்தூள் தொட்டு" என்று சுவர்ணா பக்கத்தில் அமர்ந்து அவர் முதுகில் கைவைத்தாள். அந்தக் கையின் சூடு சட்டைக்கு மேலாலும் தெரிந்தது. எச்சில் ஊறாமலே இருந்தால் எவ்வளவு நல்லது என்று தவநாயகி நினைத்தார். ஆனால் மாங்காய் என்றதும் நாக்கு துரோகம் செய்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் நிரம்பியது. கை முதுகைவிட்டு எழுந்தது.

சுவர்ணா குழாயை மூடி, பெயர் ஒட்டி, ஐஸுக்குள் வைத்தாள். கதவடியில் திரும்பிப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"அடுத்த கிழமையும் இதே மாதிரிச் சாப்பிடாம இருங்கோ அன்ரி, என்ன?"

"ஓம் பிள்ளை," என்றார் தவநாயகி. "இருக்கிறன்."