கடல் கந்தோர்

ஒன்பது வருடம் நான் ஒரு பெட்டிக்குள் இருந்து உழைத்தேன். சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

வளைகுடாவில் நடுக்கடலில் எண்ணெய்க்குத் துளை போடும் மேடை ஒன்றில் எனக்கு வேலை. அந்த மேடையின் ஒரு மூலையில் கிரேனால் தூக்கி வைத்த இரும்பறை. இருபதடி நீளம், எட்டடி அகலம். ஒரு இடத்தில் துளை முடிந்தால் அறையை அப்படியே தூக்கிக் கப்பலில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டு போவார்கள். உள்ளே காற்றை அழுத்தி நிரப்பியிருக்கும், வெளியே வாயு கசிந்தாலும் உள்ளே வராமல் இருக்க. இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். யன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கருவிகள், தாளில் கோடு இழுக்கும் ஊசிகள், ஒரு மூலையில் நுணுக்குக்காட்டி. துளைக்குள் இருந்து சேறு மேலே வரும். அதில் எவ்வளவு வாயு, கூட வருவது என்ன கல் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி துள்ளினால் நான் கத்த வேண்டும். கத்தப் பிந்தினால் மேடையோடு எல்லாரும் சரி.

அதில் ஒரு வில்லங்கம். அடியில் இருந்து சேறு மேலே வந்து சேர இரண்டு மணி நேரம் செல்லும். ஆகவே என் தாளில் நான் பார்ப்பதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு முன்னமே நடந்து முடிந்த சங்கதி. முதல் மாதம் இதை நினைத்து எனக்கு நித்திரையே வரவில்லை. பிறகு பழகிவிட்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்?

எண்பத்து நாலில் அங்கே போய்ச் சேர்ந்ததும் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்கு அம்மாவுக்கு எழுதினேன். ஐயா செத்த பிறகு வீட்டில் அம்மா ஒருத்திதான். நானும் ஒரே பிள்ளை. என் வாய்க்குப் பகிடி இல்லாமல் ஒரு வரி வராது. "அம்மா, நான் இப்ப பெட்டிக்குள்ளை இருக்கிறன். ரெண்டு கதவையும் சாத்தினால் வெளியுலகத்தோடை ஒரு தொடர்பும் இல்லை" என்று எழுதிவிட்டேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டு மாமிக்கு உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். எங்கள் ஊரில் பெட்டி என்று மொட்டையாகச் சொன்னால் என்ன பெட்டி என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். செத்தவீட்டுக்கு வருகிற பெட்டிதான்.

பதில் வந்தது. "மோனை, உந்தச் சொல்லை இனி எழுதாதை. வாசிக்கேக்கை எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. விளையாட்டுக்கும் எழுதாதை. எனக்குச் சத்தியம் பண்ணித் தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கடிதங்களில் அது கந்தோர், ஏதோ அரசாங்க அலுவலகம் மாதிரி. "கந்தோரிலை இண்டைக்கு நல்ல குளிர்." "கந்தோருக்குப் புது மெசின் வந்திருக்கு." அம்மாவுக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துப்போனது. மகனுக்குக் கடலிலே கந்தோர் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாமி விடுவாரா? "கடலிலை ஆருக்கக்கா கந்தோர்? சூடைமீன் வந்து கையெழுத்து வைக்குமோ?" என்று கேட்டாராம். அதையும் அம்மா எனக்கு எழுதினார்.

ஒருமுறை, ஒரு மைல் ஆழத்தில் இருந்து வந்த கல்லைப் பார்த்தேன், எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருந்தது என்று எழுதினேன். "கிணத்துக்கல்லைப் பாக்கவோ உவ்வளவு தூரம் போனனீ? இஞ்சை வா, சும்மா காட்டுறன்" என்று பதில்.

ஒன்பது வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வந்து நின்றேன். அப்போதும் வாய் தவறவில்லை. கந்தோர், கந்தோர் என்றுதான் கதைத்தேன். இரண்டாம் முறை அம்மா எனக்கு ஒரு பட்டு வேட்டி வாங்கி அலுமாரியில் வைத்தார். "கலியாணத்துக்கு" என்றார். "பொம்பிளையை முதல் பாருங்கோ, வேட்டி பிறகு" என்றேன். "வேட்டியைக் கண்டால் பொம்பிளை தானாய் வருவாள், நீ சும்மா இரு" என்றார்.

மற்றவர்களோடு கதைக்கும்போது மட்டும் அது பெட்டிதான். கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த என் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கு நான் தொலைபேசி எடுத்தால், "என்னடா, பெட்டி எப்படி?" என்பதுதான் அவன் முதற் கேள்வி. சத்தியம் அம்மாவுக்குத்தானே, அவனுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். விசரன் நான்.

தொண்ணூற்று மூன்றில் அந்த அறைக்கு வயது போய்விட்டது. உப்புக்காற்றில் இரும்பு அரித்துப்போய்க் காற்று அழுத்தம் நிற்கவில்லை. திருத்த வேலைக்குத் துறைமுகத்துக்கு அனுப்பும்போது என்னையும் கூடப் போய் ஒப்படைத்துவிட்டு இரண்டு மாத லீவில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கரைக்கு வந்ததும் சிநேகிதனுக்குத்தான் எடுத்தேன். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு அப்போது தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, கடிதம் போனால் போன மாதிரி, வந்தால் வந்த மாதிரி.

"மச்சான், பெட்டி கரைக்கு வந்திட்டுது. அடுத்த கிழமை நான் கொழும்புக்கு வாறன். அம்மாட்டை ஆர் மூலமெண்டாலும் சொல்லிவிடு. என்னைப் பாக்கிற அந்தரத்திலை கிளாலியாலை வெளிக்கிட்டு வந்திடுவா. வரவேண்டாம், நானே வாறன் எண்டு சொல்லு." கிளாலிக் கடலேரியைப் படகில் கடப்பதென்றால் அந்த நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். அதனால்தான் அவ்வளவு சொன்னேன். அவன் அதை ஒரு எழுத்தும் பிசகாமல் ஒருவரிடம் ஒப்புவித்தான். கண்ணுக்கு மருந்து பார்க்கக் கொழும்புக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இணுவில்காரர் அவர். வழிச் சோதனையில் கடிதம் அகப்பட்டால் கரைச்சல் என்று வாய்ச்சேதி மட்டும்தான் கொண்டு போவேன் என்றிருக்கிறார். ஓய்வுபெற்ற தபாலதிபர்.

என் தலையெழுத்தைப் பாருங்கள். முப்பது வருடம் சனங்களின் தந்தியில் சொல் வெட்டிய மனிதர். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு, குறைத்தால் புண்ணியம். அவர் கொக்குவிலுக்குச் சைக்கிளில் போய்ப் படலையில் நின்றபடியே சேதியைச் சொல்லியிருக்கிறார்:

"மகன்ரை பெட்டி கரைக்கு வந்திட்டுதாம். அடுத்த கிழமை கொழும்பு. நீங்கள் வரவேண்டாமாம்."

அம்மா, "பெட்டியோ?" என்று கேட்டிருக்கிறார்.

"ஓம் அம்மா, பெட்டிதான்."

வெளிநாட்டில் இருந்து வருகிறவன் பெட்டி, படுக்கையோடுதானே வருவான் என்று அவர் நினைத்திருக்கிறார். இன்னும் நாலு வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டியிருந்ததாம். போய்விட்டார்.

நான் கொழும்புக்கு வந்து இறங்கினேன். ஊருக்குப் போக அனுமதிக் கடதாசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் கச்சான் கொட்டை கொறித்துக்கொண்டு நடந்தேன். அம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினேன். பத்தாம் நாள் ஊரில் இருந்து வந்த ஒருவர், ஊர்ச்சனம் தங்கும் லொட்ஜுகளில் யாரையோ தேடிக்கொண்டு நான் தங்கியிருந்த லொட்ஜுக்கும் வந்தார். என்னைக் கண்டதும் அந்த மனிதர் பேயறைந்தது போல நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, அம்மா வந்து சேந்திட்டாவோ எண்டு பக்கத்து வீட்டு மாமி கேட்டுவிட்டவ."

ஆர் வந்து சேர்வது? எங்கே? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சேதி கிடைத்த அடுத்த நாளே அம்மா என் உடலைப் பொறுப்பெடுக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டுவிட்டார். அவர் படகில் ஏறிய அன்று கடலில் நேவிக்காரரின் துப்பாக்கிச் சூடு. மூன்று படகு போனது, இரண்டு சேர்ந்தது. எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அம்மா கொழும்புக்கு வரவில்லை. நான் கடற்கரையில் கச்சான் கொட்டை கொறித்த நாளெல்லாம் அது எப்போதோ நடந்து முடிந்திருந்தது.

எப்படி ஊர் போய்ச் சேர்ந்தேன் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. அதே கடலேரியால்தான் போனேன். படகில் எல்லாரும் குனிந்திருந்தார்கள். நான் நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி, "இரு ஐசே கீழை, செத்துப்போவாய்!" என்று கத்தினான். செத்தால் என்ன என்று இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே இணுவிலுக்குப் போனேன், அந்தத் தபாலதிபரை அடிக்க. உண்மையாகவே அடிக்கத்தான் போனேன். புதுக் கண்ணாடியோடு முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழும்பி நின்றார்.

"ஓம் தம்பி, நான்தான் சொன்னனான். முருகனாணை, நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லேல்லை."

"கூட்டியிருக்கலாமே ஐயா! மகன் சுகம் எண்டு ரெண்டு சொல்லுக் கூட்டியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவர் அழுதார். கை ஓங்கியது ஓங்கியபடியே நின்றது. யாரை அடிப்பது? அவர் சொன்ன சொல் என் வாயில் இருந்து போன சொல்தானே.

பிறகு கொக்குவிலுக்குப் போனேன். மாமி என்னைக் கண்டதும் தலையிலடித்துக் குளறினார். செத்தவீடு செய்ய உடல் இல்லை. எனக்கென்று பெட்டி தேடிப் போனவளுக்கு ஒரு பெட்டி கிடைக்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன். பட்டு வேட்டி இல்லை. அம்மா கரியை மூட்டி அதை ஸ்திரிக்கை போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். கலியாணம் காணாத பிள்ளை, கட்டி அனுப்ப வேண்டாமா என்றாராம்.

"நீங்கள் ஒரு சொல்லு மறிச்சிருக்கலாமே மாமி" என்றேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"மறிச்சனான் தம்பி. கிளாலி மட்டும் கூடப் போனனான். கரையிலையும் கையைப் பிடிச்சு மறிச்சனான். அக்கா, அவன் வேலை செய்யிற இடத்தையெல்லோ முந்தி பெட்டி எண்டு எழுதினவன், அதைத்தான் சொல்லியிருப்பான் எண்டனான்."

"அம்மா என்ன சொன்னவ?"

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள்ளாலேயே சொன்னார்.

"இல்லைத் தங்கச்சி, அந்தச் சொல்லு வேண்டாமெண்டு நான் அவனிட்டைச் சத்தியம் வாங்கினனான். ஒன்பது வரியமாய் ஒருக்காலும் அவன்ரை வாயிலை வரேல்லை. என்ரை பிள்ளை என்ரை சொல்லைத் தட்டமாட்டான் எண்டவ. சொல்லிப்போட்டு ஏறினவ."